உயில் எழுதியாகிவிட்டது, அப்புறம்?

(மாதுங்காவில் நடந்த மூத்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காரியதரிசி என்னைக் கூப்பிட்டபோது, "உயில் எழுதுவது எப்படி என்று பேசுங்கோ, சார்" என்றார். அதைப் பற்றி நம் சங்கத்திலேயே வக்கீல்கள் பல தடவை பேசியாகிவிட்டது. இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் எழுதியும் வைத்திருப்பீர்கள். எழுதி பீரோவில் வைத்துப் பூட்டிய பிறகு அந்தக் காகிதத்துக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை. அதைப் பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

நான் வக்கீல் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மத்திய சர்க்கார் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்தவன். ஆகவே சட்ட நுணுக்கத்துக்கு உங்கள் வக்கீலைக் கேளுங்கள். காகிதம் எப்படிப் பழசாகிறது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்.

காலேஜ் லாபில் டைட்ரேஷன் செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பொட்டாசியம் டைக்ரோமேட்டை எடைபோட்டுக் கரைத்து மூடி வைத்தால் மாசக்கணக்கில் அதன் வலிமை மாறாது. காஸ்டிக் சோடா கரைசல் அப்படியில்லை. காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை இழுத்துக்கொண்டே இருக்கும். லேபிளில் ஒரு எண் இருக்கும், பாட்டிலுக்குள் வேறு எண் இருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் சரிபார்த்துவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும். நம்மில் பலர் உயிலை டைக்ரோமேட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது காஸ்டிக் சோடா.

முதலில் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரின் விஷயம். கோர்ட் தீர்ப்பில் உள்ளதைத்தான் சொல்கிறேன். அவர் பாதுகாப்புக் கணக்குத் துறையில் 2000-இல் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணமாகாதவர், எல்லாப் படிவங்களிலும் அம்மா பெயரை நாமினியாக எழுதிக் கொடுத்தார். நாம் எல்லோரும் அப்படித்தானே கொடுத்தோம்? 2003-இல் கல்யாணம் ஆயிற்று. கிராஜுவிட்டிக்கும் குரூப் இன்ஷூரன்ஸுக்கும் மனைவி பெயரை மாற்றினார். ஜி.பி.எஃப். படிவம் மட்டும் விட்டுப்போயிற்று. 2021-இல் அவர் காலமானார். பணம் யாருக்கு என்று அம்மா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் மும்பை பெஞ்ச், இருவருக்கும் சரிபாதி என்றது. நாமினேஷனை அவர் ரத்து செய்யவில்லையே, ஆகவே அம்மாவுக்குத்தான் என்றது பம்பாய் ஹைகோர்ட். 2025 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், சரிபாதி என்ற முடிவையே திரும்ப நிலைநிறுத்தியது. காரணம் ஜி.பி.எஃப். விதியிலேயே இருக்கிறது. குடும்பம் இல்லாதபோது கொடுக்கும் நாமினேஷன், பிற்பாடு குடும்பம் ஏற்பட்டவுடன் செல்லாது என்று அந்தப் படிவத்திலேயே ஒரு வரி வரும். நாம் கையெழுத்துப் போட்ட படிவம்தான். யார் படித்தோம்?

அந்த மனிதர் அம்மாவுக்கும் கெடுதல் நினைத்தவரில்லை, மனைவிக்கும் கெடுதல் நினைத்தவரில்லை. மூன்று படிவங்களில் இரண்டை மாற்றும் அளவுக்குப் பொறுப்பானவர்தான். மூன்றாவது ஒரு பக்கப் படிவத்துக்காக மாமியாரும் மருமகளும் வருஷக்கணக்கில் எதிரெதிர்க் கட்சிகளாக நின்றார்கள்.

இன்னொரு வழக்கு நம் ஊருக்கு இன்னும் நெருக்கம். காலநிர்ணய் காலண்டர் தொங்காத வீடு மும்பையில் அபூர்வம். தமிழிலும் வருகிறது. அதை 1973-இல் தொடங்கிய ஜயந்த் ஸாள்காவ்கர் 2011 ஜூனில் உயில் எழுதினார். 2013 ஆகஸ்டில் காலமானார். ஊருக்கே நாள் பார்த்துக் கொடுத்தவர், தன் காரியத்தையும் காலத்தில் செய்தார். உயிலில் கண்ட சொத்துக்களைத் தவிர, கோடிக்கணக்கில் ஃபிக்ஸட் டெபாசிட்டும் மியூச்சுவல் ஃபண்டும் இருந்தன. அவற்றுக்கு நாமினிகள் குறிக்கப்பட்டிருந்தார்கள். இந்த நாமினி பணத்துக்குச் சொந்தக்காரரா, அல்லது வாரிசுகளுக்காக வாங்கி வைத்துக்கொள்பவரா என்று கேள்வி எழுந்தது. பம்பாய் ஹைகோர்ட்டிலேயே 2010-இல் வேறொரு வழக்கில், ஷேர்களைப் பொறுத்தவரை நாமினியே சொந்தக்காரர் என்று ஒரு தீர்ப்பு இருந்தது. ஸாள்காவ்கர் குடும்ப வழக்கில் 2016-இல் டிவிஷன் பெஞ்ச் அதை மறுத்தது. கடைசியாக 2023 டிசம்பர் 14-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், நாமினி சொந்தக்காரர் ஆகமாட்டார், உயில் இருந்தால் உயில்படியும், இல்லாவிட்டால் வாரிசுச் சட்டப்படியும்தான் போகும் என்று தீர்த்தது. அவர் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது.

நாமினி என்பவர், நாம் ஊரில் இல்லாதபோது கூரியரை வாங்கி வைத்துக்கொள்ளும் அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. கையெழுத்துப் போட்டு வாங்கலாம், பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது. எல்.ஐ.சி. விஷயத்தில் 1983-லேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. (இன்ஷூரன்ஸில் மட்டும் 2015-இல் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, குழந்தைகள் நாமினியானால் அவர்களுக்கே உரிமை என்று வாசகம் வந்திருக்கிறது. அதை உங்கள் வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள்.) ஆனால் பாங்க் நாமினியிடம்தான் பணத்தைக் கொடுக்கும். ஆகவே உயிலில் பெண் பெயர், பாங்கில் பிள்ளை பெயர் என்று வைத்துவிட்டுப் போனால், அண்ணனிடம் தங்கை கைநீட்டிக் கேட்க வேண்டும். அவன் நல்லவனாக இருந்தாலும் அவன் வீட்டிலும் நாலு பேர் இருப்பார்கள். உயிலை மாற்றும் தினத்தில் நாமினேஷன்களையும் எடுத்துப் பாருங்கள், அவை இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும்.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு உயில் என்றால் அந்த ஒரு ஃப்ளாட்தான்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் இன்று எந்தத் தெருவில் போனாலும் ஒரு கட்டிடம் தகரத்தடுப்புக்குள் இருக்கிறது. ரீடெவலப்மெண்ட். ஐம்பது அறுபது வருஷத்துக் கட்டிடங்கள் இடிபட்டு இருபது மாடி எழும்புகிறது. நீங்கள் பத்து வருஷம் முன்னால் உயில் எழுதியபோது என்ன எழுதினீர்கள்? "இன்ன கட்டிடம், இரண்டாவது மாடி, ஏழாம் நம்பர் ஃப்ளாட்டை என் மகளுக்குக் கொடுக்கிறேன்." இன்று அந்தக் கட்டிடமும் இல்லை, இரண்டாவது மாடியும் இல்லை, ஏழாம் நம்பரும் இல்லை. இந்திய வாரிசுச் சட்டம் 1925-இல் 152-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஒரு பொருளை உயிலில் கொடுத்து, நாம் போகும் சமயத்தில் அந்தப் பொருள் நம்மிடம் இல்லாவிட்டால், அல்லது வேறு வகைச் சொத்தாக மாறிவிட்டால், அந்தக் கொடை அற்றுப்போகும். பதினாலாம் மாடியில் கிடைத்த புது ஃப்ளாட், பழைய ஏழாம் நம்பரின் தொடர்ச்சியா, வேறு சொத்தா? இரண்டு பக்கமும் வாதாட வக்கீல்கள் கிடைப்பார்கள். உங்கள் பெண்ணும் பிள்ளையும் ஃபீஸ் கொடுப்பார்கள்.

இதில் இடைக்காலம்தான் எனக்குக் கவலை. கட்டிடத்தைக் காலி செய்து வாடகை வீட்டுக்குப் போகிறோம். மூன்று வருஷம் என்கிறார்கள், நாலு அஞ்சு ஆகிறது. போகும்போது எழுபத்தெட்டு, திரும்பி வரும்போது எண்பத்திரண்டு என்றால், திரும்பி வருவோம் என்று எந்த பில்டரும் எழுதிக் கொடுப்பதில்லை. அந்த நாலு வருஷத்தில் நம்மிடம் இருப்பது ஃப்ளாட் இல்லை. பில்டரோடு போட்ட அக்ரிமெண்டின் கீழ் ஓர் உரிமை, மாசாமாசம் வரும் வாடகைப் பணம், கார்ப்பஸ் என்று ஒரு தொகை. இவற்றைப் பற்றி உயிலில் ஒரு வார்த்தை இருக்காது. போதாக்குறைக்கு, அதிகப்படி இடத்துக்குப் பிள்ளை பணம் போட்டிருப்பான், அவன் பெயரையும் அக்ரிமெண்டில் சேர்த்திருப்பார்கள். பழைய உயில் முழு ஃப்ளாட்டையும் பெண்ணுக்குக் கொடுக்கும்.

ஆகவே ரீடெவலப்மெண்டுக்கு சொஸைட்டி சம்மதித்தவுடனேயே உயிலில் இப்படி ஒரு வாக்கியம் சேர்க்கச் சொல்லுங்கள்: இந்த ஃப்ளாட்டும், இதற்குப் பதிலாகவோ இதன் காரணமாகவோ எனக்குக் கிடைக்கும் எந்தப் புது ஃப்ளாட்டும், தொகையும், வாடகையும், உரிமையும். அக்ரிமெண்ட் ரிஜிஸ்டர் ஆனதும் ஒரு தடவை, சாவி கைக்கு வந்ததும் ஒரு தடவை உயிலை எடுத்துப் பாருங்கள்.

பகடி வீட்டில் இருப்பவர்கள் இங்கே சிலர் உண்டு. அவர்கள் விஷயம் வேறு. வாடகைதாரரின் உரிமையை உயில் மூலம் ஒருவருக்குக் கொடுக்க முடியாது என்று பழைய பம்பாய் வாடகைச் சட்டத்தின் கீழ் 1994-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1999-ஆம் வருஷத்து மகாராஷ்டிரா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், வாடகைதாரர் போகும் சமயத்தில் கூட வசித்த குடும்பத்தினருக்குத்தான் முதலிடம் தருகிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குப் பகடி வீட்டை எழுதி வைத்த உயிலை நான் பார்த்திருக்கிறேன், மிக அழகான இங்கிலீஷ். ஆனால் அதே கட்டிடம் ரீடெவலப் ஆகி, வாடகைதாரருக்குச் சொந்த ஃப்ளாட் கிடைத்துவிட்டால், அதை உயிலில் கொடுக்கலாம். அன்றைக்குப் புது உயில் வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே தாராவி இருக்கிறது. அங்கே 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பித்தது. பழைய காகிதங்களைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. தாத்தா காலமாகி அவர் பெயரிலேயே நின்றுபோன காகிதம் எங்கே இருந்தாலும் சங்கடம்தான், அதில் தாராவி, மாதுங்கா என்ற பேதம் கிடையாது.

நாம் மாறாமல் இருந்தாலும் சட்டம் மாறுகிறது. மும்பை, சென்னை, கொல்கத்தா மூன்று ஊர்களிலும் ஹிந்துக்களின் உயிலுக்கு கோர்ட்டில் புரோபேட் வாங்கியே தீர வேண்டும் என்று இருந்தது. டெல்லியிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை, நமக்கு மட்டும் உண்டு. 2025 டிசம்பரில் வந்த சட்டத்தால் 213-ஆம் பிரிவு நீக்கப்பட்டு அந்தக் கட்டாயம் போயிற்று. புரோபேட் வாங்கக்கூடாது என்று அர்த்தமில்லை. தகராறு வரும் என்று தோன்றினால் வாங்குவதே நல்லது. ஆனால் "நான் போனதும் முதலில் புரோபேட்டுக்கு மனு போடு" என்று குழந்தைகளுக்கு நீங்கள் எழுதி வைத்த குறிப்பு பழசாகிவிட்டது. அதேபோல் பாங்க் டெபாசிட்டுக்கு 2025 நவம்பர் 1 முதல் நாலு பேர்வரை நாமினியாகப் போடலாம், யாருக்கு எத்தனை சதவிகிதம் என்றும் எழுதலாம். முன்பு ஒருவர்தான். இரண்டு குழந்தைகளில் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டு இன்னொருவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டவர்கள் பாங்குக்குப் போய் வரலாம். லாக்கருக்கு ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசைதான், பங்கு கிடையாது. சொஸைட்டிகளுக்கும் 2019-இல் மகாராஷ்டிரா சட்டம் திருத்தப்பட்டு, நாமினி தாற்காலிக அங்கத்தினர்தான் என்று ஆகிவிட்டது.

சாட்சிகள். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிற்பாடு உயிலை நிரூபிக்க அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். நாம் யாரைப் பிடிக்கிறோம்? ஃபைவ் கார்டன்ஸில் காலையில் கூட நடக்கும் சிநேகிதர்களை. அவருக்கும் எழுபத்தைந்து, நமக்கும் எழுபத்தைந்து. உயில் வேலைக்கு வரும் நாளில் சாட்சிகள் நமக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்போதும் வழி உண்டு, கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேட வேண்டும். அந்தத் தொல்லை எதற்கு? நாற்பது வயதுக்காரர் இரண்டு பேரைப் பிடியுங்கள். ஃபேமிலி டாக்டர் ஒருவர் கிடைத்தால் விசேஷம், நாம் புத்தி தெளிவோடுதான் இருந்தோம் என்று அவர் சொன்னால் எடுபடும். எக்ஸிக்யூடருக்கும் இதே நியாயம்தான். மூத்த அத்திம்பேரை எக்ஸிக்யூடராகப் போட்டு, அவர் காரியத்துக்கு நாமே போய்விட்டு வந்த பிறகும் உயிலில் அவர் பெயர் அப்படியே இருக்கும்.

யாருக்குக் கொடுத்தோமோ அவரே முன்னால் போய்விட்டால்? பிள்ளைக்கோ பெண்ணுக்கோ எழுதியிருந்து, அவர்களுக்குக் குழந்தைகள் இருந்தால் அந்தக் கொடை வீண்போகாது, சட்டமே காப்பாற்றுகிறது. தங்கைக்கோ தம்பிக்கோ எழுதியிருந்தால் அப்படியில்லை. அவர்கள் நமக்கு முன் போனால் அது அற்றுப்போய் மீதிச் சொத்தோடு சேர்ந்துவிடும். தங்கை குழந்தைகளுக்குப் போகட்டும் என்று நினைத்தால் அதை எழுத வேண்டும்.

மாமிகளுக்கு ஒரு விஷயம். கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் மாமாதான் உயில் எழுதுவார், "எனக்கென்ன இருக்கு எழுத" என்று மாமி சமையலறைக்குப் போய்விடுவார். 2009-இல் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்த ஒரு வழக்கு. அந்த அம்மாளுக்கு 1955-இல் கல்யாணம். மூன்றே மாசத்தில் கணவர் பாம்பு கடித்துக் காலமானார். புக்ககத்தார் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டில் இருந்து படித்தார், உத்தியோகம் பார்த்தார், சம்பாதித்தார், சேமித்தார். 1996-இல் உயில் எழுதாமல் காலமானார். ஹிந்து வாரிசுச் சட்டம் 15-ஆம் பிரிவின்படி, குழந்தையில்லாத ஸ்திரீயின் சுய சம்பாத்தியம் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அப்படியே போயிற்று, நாற்பது வருஷம் திரும்பிப் பார்க்காத புக்ககத்துக்கு. அனுதாபம் வேறு, சட்டம் வேறு என்றது கோர்ட். அந்தச் சட்டம் இன்றும் மாறவில்லை. 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே, பெண்கள் உயில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. மாமா போன மறுவருஷம் மாமி தன் உயிலை எழுத வேண்டும். மாமாவின் உயில் மாமாவோடு முடிந்தது.

நகை விஷயமும் அப்படியே. மாமியின் ஸ்த்ரீதனம் மாமியுடையது. "என் மனைவியின் நகைகளை இன்னின்னாருக்கு" என்று மாமா எழுதுவதற்கு அதிகாரம் இல்லை. ஆனால் நிறைய பேர் எழுதுகிறார்கள். பூஜை சாமான், சாளக்கிராமம், வெள்ளிக் குடம் இவற்றையும் எழுதி வையுங்கள். கோடி ரூபாய் ஃப்ளாட்டைச் சுமுகமாகப் பிரித்துக்கொண்ட சகோதரிகள் பாட்டியின் குத்துவிளக்குக்காகப் பேசாமல் போனதை நான் அறிவேன்.

எப்படி மாற்றுவது? பேனாவை எடுத்து அடித்து எழுதாதீர்கள். கையெழுத்தும் சாட்சியும் ஆன உயிலில் பிற்பாடு அடித்துத் திருத்தியது, திரும்பவும் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் இல்லாமல் செல்லாது. சின்ன மாற்றம் என்றால் கோடிசில் என்று தனித்தாளில் எழுதலாம், அதற்கும் அதே சடங்குதான். ஆகையால் என் அபிப்பிராயம், கோடிசில் மேல் கோடிசில் போடுவதைவிடப் புது உயிலே எழுதிவிடுவது. "இதற்கு முந்தைய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்" என்று முதல் வரியில் எழுதி, தேதி போட்டு, பழசைக் கிழித்துவிடுங்கள். ஜெராக்ஸ் பிரதிகளையும் தேடிக் கிழியுங்கள். முத்திரைக் கட்டணம் கிடையாது. ரிஜிஸ்டர் செய்வதும் கட்டாயமில்லை, செய்தால் நல்லது. தமிழிலேயே எழுதலாம், ஆனால் மும்பையில் மொழிபெயர்ப்புக்கு அலைய வேண்டிவரும்.

எப்போது பார்ப்பது? பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் மாசம் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்கும் வேலை இருக்கிறது. உயிரோடு இருக்கிறோம் என்று சர்க்காருக்குச் சொல்லும் அதே வாரத்தில் பீரோவைத் திறந்து உயிலையும் எடுத்து மேஜைமேல் வையுங்கள். கூடவே ஒரு தாளில் பாங்க், போஸ்ட் ஆபீஸ், டீமாட், இன்ஷூரன்ஸ், சொஸைட்டி என்று வரிசையாக எழுதி, எதிரே நாமினி யார், எந்த வருஷம் கொடுத்தது என்று குறியுங்கள். ஏழெட்டு வரிக்கு மேல் போகாது. யாராவது பிறந்தார்களா, போனார்களா, கல்யாணம், விவாகரத்து ஏதாவது ஆயிற்றா, வீடு மாறிற்றா என்று மாமியும் மாமாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் அரை மணி நேர வேலை. குடும்ப பென்ஷனுக்குரியவர்கள் விவரத்தையும், முக்கியமாகத் தனியாக இருக்கும் பெண்ணோ உடம்பு சரியில்லாத குழந்தையோ இருந்தால், ஆபீஸுக்கு எழுதிச் சேர்த்துவிடுங்கள். குடும்ப பென்ஷனை உயிலில் எழுதிக் கொடுக்க முடியாது, அது ரிக்கார்டில்தான் இருக்க வேண்டும்.

இந்த அரை மணி நேரத்துக்கு மனசு இடம் கொடுப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். "அபசகுனமா இப்ப எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். டெபாசிட் ரின்யூ செய்யும்போது யாரும் அபசகுனம் என்று சொல்வதில்லை.

சொஸைட்டி நாமினேஷன் படிவம் இருபது செட் ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன், வாசல் மேஜையில் இருக்கிறது. ஒருவருக்கு மூன்று பிரதி, ஒன்றில் சொஸைட்டி சீல் போட்டுத் திரும்ப வாங்கி வையுங்கள். வெளியூர் அங்கத்தினர்கள் தங்கள் மாநிலப் படிவத்தைத் தங்கள் சொஸைட்டியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். காபி வருவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறதாம். கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள், முதலில் மாமிகள்.